பொம்மைக்கு முதுகில் கிளிப்

பாசத்திலும் கோபத்திலும் ஒருநாளும் குறை வைக்காத என் அக்காவுக்கு, உன் ஒரே தம்பி பணிவோடு எழுதிக்கொள்வது.

இங்கே நான், உன் தம்பி பெண்டாட்டி, குழந்தை மூவரும் சுகம். அங்கே நீயும் அத்தானும் அத்தானுடைய இரண்டு முழங்கால்களும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். ‘மூவரும் சுகம்’ என்ற வரியை வழக்கமாக யோசிக்காமல் எழுதிவிடுவேன். இந்தத் தடவை யோசித்துத்தான் எழுதியிருக்கிறேன். அதனால் நீ நம்பலாம்.

உன் கடிதம் கிடைத்தது. உறையைப் பிரிக்கும்போதே கை சுட்டது. பஸ் நிறுத்தத்தில் மாட்டியிருந்த எங்கள் துணிக்கடை விளம்பரத்தில் குழந்தையைப் பார்த்தாயாம். “அது போட்டோவா, எக்ஸ்ரேயாடா?” என்று கேட்டிருக்கிறாய். “பெத்த பிள்ளைக்குச் சோறு போட முடியலைன்னா சொல்லு, சனிக்கிழமை வந்து நானே கூட்டிட்டுப் போயிடறேன்” என்றும் எழுதியிருக்கிறாய். அக்கா, நீ வர வேண்டாம். நீ கோபமாக வந்தால் என்ன ஆகும் என்று எனக்கு ஐந்து வயதிலிருந்தே தெரியும். நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதுகிறேன். படித்து முடித்ததும், கட்டிவைத்த பெட்டியைப் பிரித்துத் துணிகளை அலமாரியிலேயே வைத்துவிடு.

நான் கடையில் என்ன வேலை பார்க்கிறேன் என்று நீ யாரிடமும் சரியாகச் சொன்னதில்லை. “என் தம்பி பெரிய துணிக்கடையில டிஸ்ப்ளே பிரிவுல இருக்கான்” என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவாய். பொம்மைக்குத் துணி உடுத்துகிறேன், அவ்வளவுதான். வாசலில் கண்ணாடிக்குப் பின்னால் ஷோகேஸில் நிற்கிற பொம்மைகளுக்குக் காலையில் உடுத்திவிட்டு, மாலையில் அவிழ்க்கிற உத்தியோகம். இதில் ஒரு சங்கதி உண்டு. எந்தச் சட்டையும் எந்தப் பொம்மைக்கும் சரியாக இருக்காது. தொளதொளவென்று தொங்கும். முதுகுப் பக்கம் கொத்தாகப் பிடித்துக் கிளிப் போட்டு இறுக்குவேன். தெருவிலிருந்து பார்க்கிறவர்களுக்கு, உடம்பிலேயே வைத்துத் தைத்த மாதிரி இருக்கும். உள்ளே வந்து அதே உடுப்பை எடுத்துப் போட்டுப் பார்த்துவிட்டு, “ச்சே, என் உடம்புதான் சரியில்லை” என்று சொல்லிக்கொண்டு போவார்கள். எத்தனை பேர் வீட்டு நிம்மதியை நான் கிளிப் போட்டுக் கெடுத்திருக்கிறேனோ!

எங்கள் கிடங்கில் பழைய பொம்மைகள் வரிசையாக நிற்கின்றன. நான் வேலைக்குச் சேர்ந்தபோது இருந்தவை புஷ்டியானவை. கன்னம், கொண்டை, வாய் நிறையச் சிரிப்பு எல்லாம் இருக்கும். அதற்கப்புறம் வந்தவற்றுக்கு இடுப்பு பாதியானது. அடுத்து வந்தவற்றுக்குச் சிரிப்பு போயிற்று. அதற்கும் அடுத்து மூக்கு, கண் எல்லாம் போய் வெறும் முட்டை மாதிரி முகம். கடைசியில் தலையே போயிற்று. அடுத்த தடவை வெறும் ஹேங்கர்தான் வரும், நமக்கு வேலை மிச்சம் என்று நானே கிண்டல் செய்திருக்கிறேன். அந்த வரிசையில் என் பெண்ணும் போய் நிற்பாள் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

ஒருநாள் என் டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு குழந்தை கடைக்கு வந்தாள். (அவளுக்கு இருபத்திரண்டு வயசாகிறது, ‘குழந்தை’ என்று எழுதாதே என்று உன் தம்பி பெண்டாட்டி பின்னால் நின்று சொல்கிறாள். வேறு எப்படி எழுதுவது? நீ வைத்த ‘பூசணி’ என்ற செல்லப்பெயரைத்தான் இப்போது வாயெடுத்துச் சொல்ல முடியவில்லையே.) அன்றைக்கு விளம்பரக் கம்பெனிக்காரர் படம் எடுக்க வந்திருந்தார். குழந்தையைப் பார்த்தார். “முகம் ரொம்ப நல்லா இருக்கு சார்” என்றார். நான் ஏதோ என் முகத்தைச் சொன்ன மாதிரி பல்லைக் காட்டினேன். “முகத்துக்குக் கீழேதான் கொஞ்சம் வேலை இருக்கு. ஒரு மூணு மாசம் கட்டுப்பாடா இருந்தா இந்த சீசன் விளம்பரமே இவங்கதான்” என்றார். வீட்டுச் சுவரில் வெள்ளை பூசுகிறவர் பேசுகிற மாதிரிதான் பேசினார். நானும் வீட்டுக்காரன் மாதிரித் தலையாட்டினேன். பெண்ணின் படம் ஊரெல்லாம் தொங்கப்போகிறது என்ற சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

கட்டுப்பாடு என்றால் வெள்ளரிக்காய், அக்கா. காலையில் வெள்ளரிக்காய், மதியம் வெள்ளரிக்காய், சாயங்காலம் அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெந்நீர். முதலில் எங்களுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. “என்ன ஒரு மனஉறுதி, என்னை மாதிரி” என்று நான் சொன்னேன். “உங்களை மாதிரியா? நேத்து டாக்டர் வேண்டாம்னு சொன்ன மிக்சரைப் பாத்ரூம்ல வச்சுத் தின்னீங்களே” என்று உன் தம்பி பெண்டாட்டி என் மூக்கை உடைத்தாள். ஆனால் சிரிப்பு அதோடு முடிந்துவிட்டது. மாடிப்படி ஏறும்போது குழந்தை பாதியில் உட்கார ஆரம்பித்தாள். “சும்மா, செல்போன் பார்க்கிறேன்” என்பாள், கையில் செல்போன் இருக்காது. சீப்பில் முடி கொத்துக் கொத்தாக வந்தது. ஒருநாள் தெருவைக் கடக்கும்போது கையைப் பிடித்தேன், வெயில் நேரத்தில் ஐஸ் மாதிரி இருந்தது. கம்பெனிக்காரரோ மாதிரிப் படம் எடுத்துப் பார்க்கிற ஒவ்வொரு தடவையும், “சூப்பர், இன்னும் கொஞ்சம்” என்றார். அந்த ‘இன்னும் கொஞ்சம்’ எங்கே போய் நிற்கும் என்று கிடங்கைப் பார்த்திருக்கிற எனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

திட்டிப் பார்த்தோம், கெஞ்சிப் பார்த்தோம். அவள் அம்மா இரண்டு நாள் அழுதும் பார்த்தாள். கடைசியில் நான் ஒரு பெரிய ராஜதந்திரம் செய்தேன். “இனிமே நீ எந்த வேளை சாப்பிடலையோ, அந்த வேளை நானும் சாப்பிட மாட்டேன்” என்று கையைக் கட்டிக்கொண்டு சொன்னேன். அவள் “சரிப்பா” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். தடுப்பாள் என்று நினைத்திருந்தேன். முதல் நாள் விரதம் ஜம்மென்று போயிற்று, காலை பதினோரு மணி வரைக்கும். அதற்குமேல் பொம்மைகள் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தன. கடைக்கு எதிரே இருக்கிற டீக்கடையில் ஒரு பன், ஒரு டீ. மனசு உறுத்தியது, உறுத்தலுக்கு இன்னொரு பன். வீட்டில் முழுப் பட்டினி என்று ஒரு கவலை வந்தது. அதை ஈடுகட்ட வெளியே கொஞ்சம் கூடுதலாகவே சாப்பிட்டுக்கொண்டேன். “என்ன சார், வீட்டுல சண்டையா?” என்று டீக்கடைக்காரர் கேட்டார். “விரதம்” என்றேன். “நல்லா அனுசரிக்கிறீங்க” என்று இன்னொரு பன்னை எடுத்து வைத்தார்.

இப்படி வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி இருந்ததில் எனக்கு பேண்ட் பட்டன் தெறித்துவிட்டது. சாப்பாட்டு மேஜை முன்னால், எல்லார் எதிரிலும், டப்பென்று. குழந்தை அதைக் குனிந்து எடுத்து என் கையில் கொடுத்தாள். “பட்டினி கிடந்து பட்டன் தெறிச்ச முதல் ஆள் நீங்கதாம்பா” என்றாள். “உங்க சட்டைப் பையில எறும்பு ஊருது. எறும்புக்கு அங்க என்ன வேலை?” என்று உன் தம்பி பெண்டாட்டி வேறு. நான் அசடு வழிய நின்றேன். ஆனால் அக்கா, குழந்தை சிரித்தபடிதான் சொன்னாள், சிரித்துவிட்டு வெள்ளரிக்காயையும் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் விளையாடிக்கொண்டிருந்தேன், அவள் விளையாடவில்லை.

அப்புறம் அந்தப் படம் எடுத்த நாள் வந்தது, நீ பஸ் நிறுத்தத்தில் பார்த்த அதே படம். எடுத்து முடித்துச் சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள் படத்துக்குப் போட்ட உடுப்பைக்கூட மாற்றாமல் படுத்துவிட்டாள். போர்வை எடுத்துவந்து போர்த்தப் போனேன். உடுப்பின் முதுகில் ஏதோ மின்னியது. கிளிப். கழற்ற மறந்த ஒரு கிளிப். நான் தினமும் கையாளுகிற அதே சைஸ், அதே கறுப்பு. கையில் வைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்தேன். “இது எப்படிம்மா?” என்றேன்.

“டிரஸ் பெருசாயிடுச்சுப்பா. பின்னாடி பிடிச்சுக் கிளிப் போட்டாங்க.”

“இந்த டிரஸ் பத்தணும்னுதானே மூணு மாசமா சாப்பிடலை?”

“ஆமா. அப்புறம் ரொம்ப இளைச்சிட்டேன்னு கிளிப் போட்டாங்க. அதெல்லாம் அப்படித்தாம்பா.” சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். வாழ்க்கை முழுக்கப் பொம்மைக்குப் போட்ட கிளிப், அக்கா, வந்து நம் வீட்டுக் கட்டிலில் படுத்திருந்தது.

இதற்கு நடுவில் கடையில் ஒரு புரட்சி. தலைமை அலுவலகத்திலிருந்து தகவல் வந்தது: ஜனங்களுக்கு ஒல்லிப் பொம்மை அலுத்துவிட்டதாம், இனிமேல் ‘நிஜ மனுஷங்க மாதிரி’ இருக்க வேண்டுமாம். லாரியில் புதுப் பொம்மைகள் வந்து இறங்கின. தலை இருந்தது, சிரிப்பு இருந்தது, இடுப்பும் தொடையும் தாராளமாக இருந்தன. எனக்கு ஒரே குஷி, பழைய சிநேகிதர்கள் திரும்பி வந்த மாதிரி. ஆசையாகப் போய் உடுப்பை மாட்டினேன். ஏறவில்லை. பொம்மையை மாற்றினவர்கள் துணி சைஸை மாற்ற மறந்துவிட்டார்கள். மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். “பின்னாடி கத்தரிச்சு விட்டு டேப் ஒட்டுங்க சார். முதுகை யாரு பார்க்கப் போறாங்க?” என்றார். முன்னே கிளிப், இப்போது கத்தரிக்கோல். பழக்க தோஷத்தில் முதல் பொம்மைக்குக் கத்தரித்த பிறகும் கிளிப்பைப் போட்டு இழுத்தேன். உடுப்பு தோளிலிருந்து முழங்கால் வரைக்கும் டர்ரென்று கிழிந்து, பொம்மை நடுக்கடையில் மானமிழந்து நின்றது. மேனேஜர் ஓடிவந்து ஒரு ஜமக்காளத்தைப் போர்த்தினார்.

அதே வாரம் கம்பெனிக்காரர் குழந்தையைக் கூப்பிட்டார். “டிரெண்டு மாறிடுச்சும்மா. இப்ப கொஞ்சம் நிறைவா இருக்கிறவங்கதான் வேணும்” என்றாராம். குழந்தை பாவம், “அப்ப நான் சாப்பிடலாமா சார்?” என்று கேட்டிருக்கிறாள். “ஐயையோ, சாப்பிட்டா முகம் உப்பிடும். முகம் இப்படியே இருக்கட்டும், கீழே இதைக் கட்டிக்கோங்க” என்று ஒரு பையைக் கொடுத்தாராம். உள்ளே இடுப்புக்கும் தொடைக்கும் கட்டிக்கொள்கிற ஸ்பாஞ்ச் பட்டை. அதை எங்கள் கூடத்தில் வைத்துவிட்டு, “அப்ப நான் எதுக்குப்பா இளைச்சேன்?” என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கிற மாதிரி கேட்டாள்.

எனக்குத் தெரிந்த ஒரே வழி தமாஷ்தான். உன் கதையைச் சொன்னேன், மன்னித்துக்கொள். அந்தக் காலத்தில் உன்னை எல்லாரும் ‘ஈர்க்குச்சி, ஈர்க்குச்சி’ என்று கேலி செய்ததையும், நீ புஷ்டியாக வேண்டும் என்று அம்மா டானிக் பாட்டிலோடு உன்னைத் துரத்தியதையும் சொன்னேன். ஸ்டூடியோக்காரர் கன்னம் எடுப்பாகத் தெரிய வாய்க்குள் பஞ்சை அடக்கிக்கொள்ளச் சொன்னார், “சிரிம்மா” என்றதும் நீ சிரித்தாய், பஞ்சு பொத்தென்று கேமராமேல் போய் விழுந்தது. அதையும் சொன்னேன். அவள் அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். குழந்தை சிரிக்கவில்லை. சோற்றைப் பிசைந்து ஒரு வாய் எடுத்தாள், உள்ளே இறங்கவில்லை. “பசிக்கவே மாட்டேங்குதுப்பா. சாப்பிடணும்னுதான் நினைக்கிறேன்” என்றாள். சாப்பிட மாட்டேன் என்று அவள் அடம்பிடித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. சாப்பிட முடியவில்லை என்று சொன்னபோதுதான் பயம் வந்தது.

அன்றிலிருந்து நான் நிஜமாகவே நிறுத்தினேன். ராஜதந்திரம் எல்லாம் இல்லை. அவள் தட்டு அப்படியே இருக்கும்போது எனக்கும் இறங்கவில்லை. டீக்கடைக்காரர் கூப்பிட்டும் போகவில்லை. இரண்டாம் நாள் ஷோகேஸுக்குள் ஏறி, ஒரு புதுப் பொம்மைக்குக் கை மாட்டிக்கொண்டிருந்தேன். கண் இருட்டியது. ஆதரவுக்குப் பொம்மையின் கையைப் பிடித்தேன், அது கழன்று என்னோடு வந்தது. நானும் கையும் கீழே. எழுந்திருக்கத் தெம்பில்லாமல், பொம்மையின் காலில் சாய்ந்து, மடியில் அந்தக் கையோடு உட்கார்ந்திருந்தேன். கண்ணாடிக்கு வெளியே கூட்டம் சேர்ந்துவிட்டது. ஏதோ புது விளம்பரம் என்று நினைத்தார்கள் போல. ஓர் அம்மா கண்ணாடியைத் தட்டி, நான் போட்டிருக்கிற சட்டை எந்த மாடியில் கிடைக்கும் என்று ஜாடையில் கேட்டார். நானும் மரியாதைக்குப் பொம்மையின் கையால் மேலே காட்டினேன்.

மேனேஜர் வீட்டுக்குப் போன் செய்துவிட்டார். குழந்தைதான் ஓடிவந்தாள். ஓடிவந்தவளுக்குக் கண்ணாடிக் கதவைத் திறந்ததும் தலை சுற்ற, அவளும் என் பக்கத்திலேயே பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள். டீக்கடைக்காரர் இரண்டு பன்னும் இரண்டு டீயும் கொண்டுவந்து உள்ளே நீட்டிவிட்டுப் போனார்.

“நிஜமாவே சாப்பிடலையாப்பா?”

“ம்.”

“பன்கூடவா?”

“பன்கூட.”

“ஏம்பா? எப்பவும் போல ஏமாத்தியிருக்கலாமில்ல?” என்று கேட்டுவிட்டு அழுதாள். பன்னைப் பிய்த்து அவள் கையில் வைத்தேன். அவள் தின்னாமல் எதிரே நின்ற பொம்மைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாங்கள் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து அவற்றின் முதுகு மட்டும்தான் தெரியும். வரிசையாகக் கத்தரித்த உடுப்பு, ஒட்டிய டேப், ஒன்றில் நான் மறந்துபோய் விட்ட கிளிப்.

“எல்லாருக்கும் பின்னாடி இப்படித்தானா?” என்றாள்.

“எல்லாருக்கும். என் கையாலதானே செய்யறேன்.”

அவள் தோள் குலுங்கியது. மறுபடியும் அழுகிறாளோ என்று பதறிப்போய்ப் பார்த்தேன். சிரிக்கிறாள்! “அத்தை பஞ்சு... கேமரா மேலயா விழுந்துச்சு?” என்றாள். இரண்டு நாள் கழித்துச் சிரிக்கிறாள் அக்கா, உன் பஞ்சுக்கு. சிரிப்போடு சிரிப்பாக அந்தப் பன் துண்டை டீயில் நனைத்து வாயில் போட்டுக்கொண்டாள். மென்றாள். விழுங்கினாள். வெளியே இருபது முப்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவள் யாரையும் பார்க்கவில்லை. அரை பன் சாப்பிட்டாள். மீதி ஒன்றரையை நான் சாப்பிட்டேன் என்பதை உனக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

மறுநாள் டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனோம். மெதுவாகத்தான் சரியாகும், வாராவாரம் வர வேண்டும், அவசரப்படுத்தாதீர்கள் என்றார். “முக்கியமா, பிள்ளை சாப்பிடும்போது யாரும் தட்டையே உத்துப் பார்க்காதீங்க” என்றும் சொன்னார். அதனால் இப்போது நாங்கள் சாப்பிடும்போது கூரையைப் பார்க்கிறோம். எங்கள் வீட்டுக் கூரையில் எந்த விரிசல் எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று எனக்கு மனப்பாடம். சில நாள் பாதித் தட்டு, சில நாள் கால் தட்டு, நேற்று முழுத் தட்டு. (ஓரக்கண்ணால் பார்த்தேன். டாக்டரம்மாவிடம் சொல்லிவிடாதே.) ஸ்பாஞ்ச் பட்டையைக் கம்பெனியில் திருப்பிக் கொடுத்துவிட்டாள். “என்னை மாதிரியே வரேன். வேணும்னா கூப்பிடுங்க” என்று சொல்லிவிட்டு வந்தாளாம். அவர்கள் இன்னும் கூப்பிடவில்லை. அவளும் காத்திருக்கிற மாதிரித் தெரியவில்லை.

ஆக, இந்த வீட்டில் எடை, இடுப்பு, தொப்பை என்கிற பேச்சே இனிமேல் கிடையாது. எடை பார்க்கிற மெஷினைப் பின்கதவு ஆடாமல் இருக்க முட்டாக வைத்துவிட்டோம். கண்ணாடி முன்னால் நின்று வயிற்றை எக்குகிற பழக்கத்தை நானும் அடியோடு விட்டுவிட்டேன். ஆகவே நீ வீணாக அலைய வேண்டாம். சனிக்கிழமை வர வேண்டாம், வரவே வேண்டாம்.

அத்தானுக்கு என் வணக்கத்தையும், அவர் முழங்கால்களுக்கு என் விசாரிப்பையும் சொல்லவும். உன் திட்டும் ஆசியும் எப்போதும் எங்கள்மேல் இருக்கட்டும்.

உன் கையால் குட்டு வாங்கியே வளர்ந்த,
தம்பி.

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போட்டு ஒட்டின பிறகு மறுபடியும் பிரித்து எழுதுகிறேன். நாங்கள் ஷோகேஸுக்குள் பன் தின்றதை எவனோ வெளியிலிருந்து படம் எடுத்து ஊர் முழுக்க அனுப்பியிருக்கிறான். தலைமை அலுவலகத்தில் பார்த்தார்களாம். இப்போது கம்பெனிக்காரர் போன் செய்தார். குழந்தைக்கு இல்லை, எனக்கு! “சார், உங்க தொப்பை ரொம்ப இயற்கையா இருக்கு. இந்த சீசனுக்கு நீங்கதான்” என்கிறார். நாளைக்குக் காலையில் படப்பிடிப்பு. பின்கதவு மறுபடியும் ஆடுகிறது, மெஷினை எடுத்தது நான்தான். கண்ணாடி முன்னால் பக்கவாட்டில் நின்று பார்த்தேன், இயற்கை கொஞ்சம் அதிகமாகத்தான் தெரிகிறது. அதனால், இன்று ஒரு வேளைக்கு மட்டும் எனக்குச் சாப்பாடு வேண்டாம் என்று சொன்னேன். சொன்னது தப்பாகிவிட்டது. குழந்தை இரண்டு தட்டிலும் பரிமாறிவிட்டு எதிரே உட்கார்ந்திருக்கிறாள். “நீங்க எந்த வேளை சாப்பிடலையோ, அந்த வேளை நானும் சாப்பிட மாட்டேன்” என்கிறாள். நான் சொன்னால் டீக்கடைக்காவது போவேன், இவள் சொன்னால் செய்துவிடுவாள். உன் தம்பி பெண்டாட்டி இவள் பக்கம். எனவே மேலே எழுதியதை அடித்துவிட்டுப் படிக்கவும்: சனிக்கிழமை கட்டாயம் கிளம்பி வா. குழந்தைக்காக இல்லை, எனக்காக. நாலு திட்டு திட்ட ஆள் வேண்டும். பெட்டியைப் பிரித்திருந்தால் மறுபடியும் கட்டிவிடு. ‘பூசணி கேட்டதா எழுதுங்க, அத்தை அந்தப் பஞ்சு போட்டோவைக் கொண்டு வரணும்’ என்கிறாள் குழந்தை. அவள் வாயாலேயே சொன்னாள் அக்கா, பூசணி என்று. சோறு ஆறுகிறது, நான் சாப்பிடப் போகிறேன். நான் கூச்சப்படக் கூடாதென்று அவள் என் தட்டைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.